பெடலில் இருந்த கால்

எனக்குக் கதை எழுத வராது. கிடங்கில் இரவுப் பணியில் இருந்தபோது மணிக்கொரு தடவை பதிவேட்டில் "எல்லாம் சரி" என்று எழுதுவேன். என் எழுத்து அவ்வளவுதான். அதிலும் பாதி பொய். இது பொய் இல்லை. சனிக்கிழமை மாலை 6.50க்கும் 7.50க்கும் நடுவில் நடந்தது. பன்னிரண்டு மணிக்குப் பேய் வந்ததாகச் சொல்பவர்களை நானே கேலி செய்திருக்கிறேன். எனக்கு நடந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. அக்கா வீட்டில் இருக்கிறேன். வீட்டை ஒட்டி ஒரு கார் நிற்கும் ஷெட். தகர ஷட்டர், எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரை, இரண்டு நிமிடம் யோசித்த பிறகே எரியும் ஒரு டியூப் லைட். அதற்குள் என் கார். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தது. உருண்டை முகம், குரோம் பம்பர், கப்பல் மாதிரி ஸ்டியரிங். ஒரு அச்சகக்காரர் வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்குள் கிடந்ததைக் கட்டி இழுத்து வந்தேன். எட்டு மாதத்தில் இன்ஜினுக்கு உயிர் கொடுத்தேன். வயரிங் முழுக்க நானே இழுத்தேன். பாக்கி இருந்தது பிரேக் மட்டும்.

அக்கா புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வாசலில், மாடிப்படிக்குக் கீழே, குளியலறைக்கு வெளியே என்று வீடு முழுக்கச் செத்த ஃப்ரிட்ஜ்கள். அவற்றை அடுக்க அவருக்கு இந்த ஷெட் வேண்டும்.

"மாப்ள, ஞாயித்துக்கிழமை காலைல ஒம்பது மணிக்குப் பழைய இரும்பு லாரி வருது. அதுக்குள்ள உன் கப்பல் தானா ஓடி, தெருமுனையில தானா நின்னுச்சுன்னா நான் வாயே திறக்கல. இல்லன்னா லாரில ஏறுது."

"நிக்கும் மாமா."

"எது? எட்டு மாசமா நின்னுக்கிட்டேதான இருக்கு."

அக்கா சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காரைத் தவிர நான் இந்த வருடத்தில் செய்தது என்று காட்ட எதுவும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

பிரேக் குழாயில் காற்று புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நட்டைத் தளர்த்த வேண்டும். அதில் செருகிய பிளாஸ்டிக் குழாய் வழியாக ஆயிலும் குமிழியும் வெளியே வரும். நட்டை இறுக்கிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். நான்கு சக்கரத்துக்கும் இதைச் செய்ய வேண்டும். பெடலுக்குத் தூரமான சக்கரம் முதலில், பக்கத்துச் சக்கரம் கடைசியில்.

நான்கு சக்கரத்தையும் கழற்றிவிட்டு, காரின் பின்பக்கத்தை இரண்டு இரும்பு ஸ்டாண்ட் மேல் நிறுத்தியிருந்தேன். முன்பக்கம் ஜாக்கி மேல். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. தெரியும். என்னிடம் இரண்டு ஸ்டாண்ட்தான் இருந்தது, லாரி காலையில் வந்துவிடும். திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

6.52. அக்கா சொன்னதால் மாமா முணுமுணுத்துக்கொண்டே சீட்டில் ஏறினார். தொண்ணூறு கிலோ. ஸ்பிரிங் அழுதது. முதல் சக்கரம்.

"அழுத்துங்க... புடிங்க... புடிங்க... யோவ், ஏன் விட்ட?"

"யோவா? யாரைடா யோவ்ங்கற?"

"விடச் சொன்னேனா நான்? மறுபடி காத்து உள்ள போயிடுச்சு. ஃப்ரிட்ஜைத் தலைல தூக்குற ஆளுக்கு ஒரு பெடலைப் புடிக்கத் துப்பு இல்ல."

"சோறு போடறவன்கிட்டப் பேசற பேச்சா இது?"

"அப்ப இறங்கிப் போங்க!"

பதில் இல்லை. எப்படியோ முதல் சக்கரம் முடிந்திருந்தது. நான் ஊர்ந்து இரண்டாவது சக்கரத்துக்குப் போனேன். நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. ஐந்து நிமிடம் சுத்தியலால் தட்டினேன். தகர ஷெட்டில் அந்தச் சத்தம் காதைப் பிளந்தது.

7.08. நட்டு அசைந்தது.

"அழுத்துங்க" என்றேன்.

பெடல் இறங்கியது.

ஆக, இறங்கிப் போகவில்லை. ரோஷம் இல்லாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

"புடிங்க."

நட்டைத் தளர்த்தினேன். குமிழிகள் வந்தன. இறுக்கினேன். "விடுங்க." பெடல் மேலே போனது. ஒழுங்காக... சொன்ன நொடியில். அரை நொடி முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மாமா அப்படிச் செய்கிறவர் இல்லை. வாயும் திறக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜ்கூட அவரைவிடச் சத்தம் குறைவு.

கோபத்தில் இருக்கிறார், இருக்கட்டும் என்று விட்டேன்.

பதில் பேசாதவரைத் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. எட்டு மாதமாக உள்ளே கிடந்ததையெல்லாம் எடுத்துக் கொட்டினேன். நீ ஒரு ஆளா என்றேன். உனக்கு வாழ்க்கைப்பட்டு என் அக்கா என்ன கண்டாள் என்றேன். காலை எடுத்தால் உடைப்பேன் என்றேன். ஒவ்வொரு "அழுத்து"க்கும் ஒரு வசவு. மரியாதையெல்லாம் எப்போதோ போய்விட்டது.

7.19. மூன்றாவது சக்கரம். முன்பக்கம்.

இங்கேதான் முதலில் கவனித்தேன். பெடல் மேலே போகும்போது ஒரு சத்தம்.

சொத்...

ரப்பரிலிருந்து வெறுங்கால் பிரியும் சத்தம். ஈரக் கால்.

மாமா பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் ஏறினார். கழற்றியிருப்பார் என்று நினைத்தேன். மனிதன் தனக்குத் தானே எவ்வளவு சுலபமாகப் பதில் சொல்லிக்கொள்கிறான் பாருங்கள்.

இன்னொன்று. நான் கத்தும்போதெல்லாம் குழாயில் ஆயில் நடுங்கியது. வரும் ஆயில் நேராக வரவில்லை. சிறு சிறு அலையாக வந்தது. கை விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். நான் பேசாமல் இருந்தால் ஆயில் நேராக நின்றது. "சனியனே, அழுத்து" என்றேன். நடுங்கியது.

மேலே இருந்த கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

மாமா எனக்குப் பயப்படுகிறார்!

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

7.38. கடைசிச் சக்கரம். ஓட்டுபவர் பக்கம். என் தலைக்கு நேர் மேலே பெடல்.

"அழு—"

நான் சொல்லி முடிக்கும் முன்னே பெடல் இறங்கியது.

மூன்று முறை அழுத்தல், பிறகு பிடித்தல். நான் சொல்லிக்கொடுக்காத முறை. பழகிய கால்.

ஒரு குமிழிகூட இல்லை. தேன் மாதிரி ஆயில்.

"இப்பத்தான் மூளை வேலை செய்யுதா, மடச்சாம்பிராணி?"

நடுக்கம் வரும் என்று குழாயைப் பார்த்தேன்.

வரவில்லை.

ஆயில் அசையாமல் நின்றது.

7.46. தரையில் கிடந்த என் போன் அடித்தது. திரையில் "மாமா".

மேலே உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவனுக்குப் போன் செய்து கிண்டல் செய்கிறார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன?"

"மாப்ள, பிரேக் ஆயில் எத்தனை பாட்டில் வேணும்? கடைய மூடப் போறான்."

பின்னால் வண்டிகளின் ஹாரன் கேட்டது.

"எங்க... இருக்கீங்க?"

"ஸ்பேர் பார்ட்ஸ் கடைல. நீதான இறங்கிப் போகச் சொன்ன? கோவத்துல நடந்தே வந்துட்டேன். சரி விடு. அரை பாட்டில்தான் இருந்துச்சே, பத்தாதேன்னு..."

"அக்கா?"

"இதோ நிக்கிறா. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கிட்டே வந்தா. ரெண்டு பேருக்கும் ஒரே வாய்."

வீட்டில் யாரும் இல்லை.

பெடல் பிடித்தபடியே இருந்தது.

நான் "விடு" என்று சொல்லவில்லை.

"மாப்ள? கேக்குதா?"

க்ளக்.

ஓட்டுபவர் பக்கக் கதவு.

சீட் ஸ்பிரிங் அழவில்லை. யாராவது எழுந்தால் அது கொஞ்சமாவது சத்தம் போடும்...

தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதன் வழியாகப் பார்த்தேன்.

கால்கள் இல்லை.

சத்தம் மட்டும்.

சொத்... சொத்...

முன்பக்கம் போனது.

ஜாக்கி பக்கத்தில் நின்றது.

ஜாக்கியின் நீளக் கைப்பிடி எனக்குத் தெரிந்தது. அதைத் திருப்பினால் வண்டி இறங்கிவிடும். கெட்டியானது. நானே இரண்டு கையால்தான் திருப்புவேன்.

கிரீ...ச்.

கால் சுற்று.

நின்றது. நான் ஏதாவது சொல்கிறேனா என்று பார்ப்பது போல.

கிரீ...ச்.

உஸ்ஸ்ஸ்...

புரண்டேன். எந்தப் பக்கம் என்று தெரியாது. இடுப்பு வெளியே வந்தது, தோள் வந்தது. முன்பக்கம் மொத்தமும் 'தடார்' என்று தரையில் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டில் வாய்ப்பாடு நின்றுபோனது.

இடது கைச் சுண்டுவிரலின் நுனி வண்டிக்கு அடியில் தங்கிவிட்டது.

ஷெட்டில் யாரும் இல்லை. கார்க் கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது. மணி 7.49. போனில் மாமா இன்னும் "மாப்ள! மாப்ள!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

பத்தே நிமிடத்தில் ஓடி வந்துவிட்டார். தன் சட்டையைக் கழற்றி என் கையில் சுற்றினார். ஆஸ்பத்திரியில் தையல் போடும்போதுதான் மெதுவாகக் கேட்டார்:

"ஜாக்கியை யாருடா திருப்பினது?"

"எனக்குத் தெரியாது மாமா."

மறுநாள் லாரி வந்தபோது ஏற்றச் சொன்னது நான்தான். மாமா வேண்டாம் என்றார். "நான் சும்மா சொன்னதுடா, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவரே நான்கு சக்கரத்தையும் மாட்டிக் கொடுத்தார். தள்ளும்போது லாரிக்காரர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். "இரும்புக்குப் போற வண்டியா இது? பிரேக் கல்லு மாதிரி பிடிக்குதே, யார் பாத்தது?" என்றார். நானும் மாமாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எட்டு மாதம் லாரியில் ஏறிப் போனது. எனக்கு அழுகை வரவில்லை. திங்கட்கிழமை காலை நேராக அச்சகக்காரர் வீட்டுக்குப் போனேன். கீழே கூடத்தில் தாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

"அந்த வண்டில என்ன நடந்துச்சு?"

கட்டுப் போட்ட என் கையைப் பார்த்தார். தாளைக் கீழே வைத்தார்.

"அப்பா அதுக்கு அடியிலதான் போனார் தம்பி. பதினோரு வருஷம் ஆச்சு. ஜாக்கி இறங்கிடுச்சு."

"பெடல்ல யார் இருந்தது?"

"அம்மாதான். எப்பவும் அம்மாதான். அப்பா கீழ கிடந்து கத்துவார், தெருவுக்கே கேக்கும். அம்மா ஒரு வார்த்தை திருப்பிப் பேச மாட்டாங்க. அவர் போன மறுநாளே அம்மாவுக்கு ரெண்டு காலும் விழுந்துடுச்சு. அன்னைலேருந்து படுக்கைதான். காரணமே தெரியலன்னுட்டாங்க டாக்டருங்க."

"உயிரோட... இருக்காங்களா?"

"மாடில. இப்பத்தான் கொஞ்சம் நல்ல காலம் வருது." அவர் முகம் மலர்ந்தது. மேசையிலிருந்து நர்ஸ் எழுதும் நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். "சனிக்கிழமை பாருங்க. பதினோரு வருஷத்துல முதல் தடவை."

நீல மையில் எழுதியிருந்தது.

7.08 — வலது கால் அசைவு ஆரம்பம். கட்டில் பலகையை மிதிக்கிறார்.

7.46 — எழுந்து உட்கார்ந்தார். கூப்பிட்டால் பதில் இல்லை.

7.49 — அசைவு நின்றது. சிரிக்கிறார்.

பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். விரல் போயிற்று, வண்டி போயிற்று, இந்த ஆள் நோட்டைக் காட்டிச் சந்தோஷப்படுகிறார்.

"ஒரு ஆள் செத்த வண்டின்னு ஏன்யா சொல்லல?" கூடமே அதிரக் கத்தினேன். "சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? வாயில என்ன இருக்கு?"

"நீங்க கேக்கலையே தம்பி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

மேலே கட்டில் கிரீச்சிட்டது.

இருவரும் கூரையைப் பார்த்தோம்.

மூன்று முறை... பிறகு நீளமாக ஒன்று.

அவர் நோட்டைப் போட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினார். நான் வாசலுக்கு நகர்ந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். மேலேயிருந்து அவர் குரல் வந்தது. சந்தோஷத்தில் தழுதழுத்தது.

"தம்பி! கால் அசையுது தம்பி! உங்க குரல் கேட்டுத்தான்! போயிடாதீங்க... இன்னும் ஒரு தடவை கத்துங்க!"