கட்டாமல் விட்ட மதில்

வெள்ளவத்தையிலிருந்து வத்தளைக்கு நான் வேலைக்குப் போய்வந்த காலம் அது. களனி கங்கை பெருகி எங்கள் கம்பனியின் களஞ்சியத்துக்குள் புகுந்தது. துணிச் சுருள்கள் எல்லாம் சேற்றில் ஊறிப்போயின.

முதலாளி புறக்கோட்டை வியாபாரக் குடும்பத்தவர். காலநிலை மாறுகிறது என்று யாராவது பேச்செடுத்தால் சிரிப்பார். காப்புறுதிக்காரர்கள் வந்து, இனி வெள்ளத்துக்குக் காப்புறுதி தருவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"சுத்திவர உயரமா மதில் கட்டிருவோம்," என்றார் கூட்டத்தில். நாங்கள் தலையாட்டினோம். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் எங்கள் மனேஜர் மட்டும் தலையாட்டவில்லை.

"மதில் கட்டினா அந்தத் தண்ணி எங்க போகும் சேர்?" என்று அவர் கேட்டார்.

"எங்கயாச்சும் போகட்டும். நம்மகிட்ட வராதுல்ல."

"பின்னுக்கு ஒழுங்கையில சனம் இருக்கு. ஒருக்கா போய்ப் பாத்திட்டு வருவம்."

முதலாளியும் மனேஜரும் நானும் களஞ்சியத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் குறுகிய ஒழுங்கைக்குள் போனோம். வேலிகளில் மெத்தைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டுப் பெண் எங்களை யாரென்று கேளாமலே வாசலில் கதிரைகளைத் துடைத்துப் போட்டாள். "உள்ளுக்கு இன்னும் ஈரம். இதில இருங்கோ," என்று தேத்தண்ணியும் தந்தாள்.

"வருஷா வருஷம் இப்படித்தானாம்மா?" என்று முதலாளி கேட்டார்.

"முந்தி இல்ல. மழைத்தண்ணி வடியிற அந்தப் பள்ளத்த மூடின பிறகுதான் இப்பிடி." அவள் காட்டியது எங்கள் லொறிகள் நிற்கும் இடத்தை.

முதலாளி கோப்பையைக் கீழே வைத்தார். "அத மூடுனது நான்தாம்மா."

அவள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மதில் கட்டப்படவில்லை. லொறிகளை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த நிலத்தைத் திரும்பவும் பள்ளமாகத் தோண்டினார்கள். ஒழுங்கையின் கழிவுநீர் ஓடும் கானையும் அதோடு இணைத்தார்கள். வியாபாரத்தில் பங்காளியான அவருடைய தம்பி, நல்ல காணியைப் பாழாக்குவதாகச் சத்தம் போட்டார்.

மதில் கட்டாமல் விட்டதைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பயம் வந்திருக்காவிட்டால் முதலாளி அந்த ஒழுங்கைக்குள் காலே வைத்திருக்கமாட்டார். ஆனால் பயம் மட்டும் இருந்திருந்தால் மதில்தான் எழும்பியிருக்கும்.

அடுத்த பெருமழையில் பள்ளம் நிரம்பியது. எங்கள் களஞ்சியத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஒழுங்கை வீடுகளில் வாசற்படியோடு நின்றுவிட்டது. முதலாளி காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பள்ளத்தின் ஓரத்தில் நெடுநேரம் நின்றார்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டியிருக்கணும்," என்றார்.