மனமுவந்து என்று நான் எழுதாத கடிதம்

ஆண்டவரை நம்புகிற என் சகோதர சகோதரிகளுக்கு, சாட்சி சொல்ல வருகிறவர்கள் கண்ணீரோடு வருவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபித்தவள். அப்படிப்பட்ட ஜெபத்தையும் அவர் கேட்டார் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2002ஆம் வருடம். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, புதுப்பட்டினத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அதுவரை ஆறு வருடம் நர்ஸாக இருந்தேன். எம்.எஸ்சி. படித்து டீச்சராக வேண்டும் என்பதுதான் என் ஆசை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. பிராஸ்பெக்டஸில் போட்டிருந்த கட்டணத்தைச் சேமிப்பிலிருந்து கட்டினேன். குறைந்ததற்குச் செயினை விற்றேன். வேலையையும் விட்டுவிட்டேன்.

வகுப்பு தொடங்க நான்கு நாள் இருக்கும்போது கல்லூரி ஆபீஸ் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஆண்டவரிடம் போதுமான தடவை சொல்லியாயிற்று.

"இன்னும் இருபத்தஞ்சாயிரம் கட்டணும்மா. வளர்ச்சி நிதி."

"சார், பிராஸ்பெக்டஸ்ல அப்படி ஒண்ணுமே இல்லியே."

"எல்லாத்தையும் அதுல போட்டுகினா இருப்பாங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டு. இல்லன்னா வெயிட்டிங் லிஸ்ட்ல ஆளு கீது."

திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுதேன். நான் விட்ட வேலையில் வேறொரு பெண் சேர்ந்துவிட்டாள். என் கணவர் செல்வம் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். வேனும் எங்களுடையது இல்லை. விற்க வீட்டில் ஒன்றும் மிச்சம் இல்லை.

பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "அந்த மனுஷனையும் ஆசீர்வதியும்னு கேளும்மா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் முழங்கால் போட்டதும் வாயில் வேறு ஜெபம் வந்தது. ஆண்டவரே, எனக்கு வழி திறந்துவிடும். அந்த ஆளைச் சும்மா விடாதேயும். நாலு பேர் முன்னால் அவன் வாயாலேயே அவன் மாட்டிக்கொள்ள வேண்டும். மூன்று நாள் உபவாசம் இருந்து இதையே கேட்டேன். பசியில் கோபம் இன்னும் ஏறியது.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை, மத்தியானம், மும்தாஜ் அக்கா வீடு தேடி வந்தார். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். அவர் காலில் சர்க்கரைப் புண் ஆறாமல் கிடந்தபோது, இரண்டு மாதம் நான்தான் தினமும் போய்க் கட்டு மாற்றினேன். செல்வம் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"நீ கட்டுப் போட்ட காலுலதான் நடந்து வந்துகீறேன்" என்று சொல்லி ஒரு மஞ்சள் பையை என் மடியில் வைத்தார். "மெதுவா திருப்பிக் குடு. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. ரசீது இல்லாம ஒரு பைசா தராத."

நான் ஜெபத்தில் அவர் பெயரை நினைக்கவே இல்லை. ஆண்டவர் நினைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் முன்னால் போய் நின்றேன். ரசீதெல்லாம் கிடையாது என்றார். ரசீது இல்லாமல் தரமாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சரி, ஒரு வெள்ளப் பேப்பர்ல நான் சொல்றத எழுது. நீயா குடுக்கிற மாதிரி இருக்கணும். சீல் குத்தி ஜெராக்ஸ் தரேன்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கல்லூரியின் வளர்ச்சிக்காக நான் மனமுவந்து இருபத்தைந்தாயிரம் ரூபாய் நன்கொடை அளிக்கிறேன். இதுதான் வாசகம்.

நர்ஸுகளுக்கு முதல் வருடத்திலேயே ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். நோயாளியின் நோட்ஸில் நடந்ததை மட்டும்தான் எழுத வேண்டும். கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக எழுதினால் உயிர் போய்விடும். ஆறு வருடம் அப்படியே எழுதிப் பழகிய கை இது. 'மன' வரை எழுதியது. அதற்கு மேல் 'முவந்து' வரவில்லை. 'மனம் நொந்து' என்று எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டு நீட்டினேன். அவருக்குக் கண்ணெல்லாம் மஞ்சள் பையில் இருந்தது. கடிதத்தைப் படிக்காமலே சீல் குத்தினார்.

அந்த வருடம் சேர்ந்த எட்டுப் பேரும் இதே போலக் கொடுத்திருந்தோம். மற்ற ஏழு பேரும் அவர் சொன்னபடியே எழுதியிருந்தார்கள். நான் ஜெராக்ஸைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஆண்டவரே மறந்துவிடாதேயும் என்று தினமும் ஞாபகப்படுத்தினேன்.

பொங்கல் லீவு முடிந்து புதிய லேப் திறப்பு விழா. கல்லூரித் தலைவர் மேடையில் இருந்தார். அவரிடம் நல்ல பெயர் வாங்க மேனேஜருக்கு ஒரு யோசனை. மாணவிகள் தாங்களாகவே நன்கொடை தருகிறார்கள் என்று சொல்லி, மைக்கில் கடிதங்களை வாசிக்க ஆரம்பித்தார். ஐந்தாவது கடிதம் என்னுடையது.

"சுகந்தி செல்வம். கல்லூரியின் வளர்ச்சிக்காக நான் மனம் நொந்து..."

அதோடு நின்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஹாலே சிரித்தது. தலைவர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிப் படித்தார். என்னை எழுந்திருக்கச் சொன்னார்.

"என்னம்மா இது, எழுத்துப் பிழையா?"

"இல்லீங்க ஐயா. நடந்ததைத்தான் எழுதினேன்."

இந்த வசூல் தலைவருக்குத் தெரியாதோ, தெரியாதது போல இருந்தாரோ, அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையில். ஒரே வாரத்தில் எட்டுப் பேருக்கும் பணம் திரும்பியது. மேனேஜர் ஒரு கடிதமும் எழுதி, தன் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. நான் போனபோது ஒரு தாளை எடுத்து வைத்து, என் முகத்தைப் பார்க்காமல், "இன்னா எழுதணும்?" என்றார்.

"மனமுவந்து திருப்பித் தருகிறோம்னு எழுதுங்க சார்."

எழுதினார். எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். அன்று எனக்கு வந்த சந்தோஷம் பாவம் என்றால் ஆண்டவர் மன்னிக்கட்டும். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

அன்று சாயங்காலமே மஞ்சள் பை மும்தாஜ் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. நான் படித்து முடித்து, இன்று நர்சிங் டீச்சராக இருக்கிறேன். சேர வரும் பிள்ளைகள் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும், முதலில் சத்தமாக வாசிக்க வைக்கிறேன். இத்தனையும் செய்த ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

அந்த மனுஷனுக்காக ஜெபித்தாயா என்று பாஸ்டர் இன்னும் கேட்கிறார். ஜெபிக்கிறேன். மனமுவந்து அல்ல, மனம் நொந்துதான் ஜெபிக்கிறேன். மனதில் இல்லாததை ஆண்டவருக்கு எப்படி எழுதுவது? நீங்களும் உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள், கோபம் என்றால் கோபத்தையே சொல்லுங்கள். அவர் படிக்காமல் சீல் குத்துகிறவர் அல்ல.