தம்மபாலனின் இரண்டாம் கல்

வேலியில் போகிற ஓணானை எடுத்து யாராவது மடியில் விட்டுக்கொள்வார்களா? தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஸ்கெலட்டன் லைனில் இருந்த தம்மபாலன் விட்டுக்கொண்டார். அந்தக் கூத்தைக் கேளுங்கள்.

அறுபத்து நாலாம் வருஷம் அவர் சிறுநீரகத்திலிருந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கல்லை அறுத்து எடுத்தார் டாக்டர் கிளாரன்ஸ். பாதாளச் சூட்டில் வியர்த்துக் கொட்டும் சுரங்கத் தொழிலாளிக்குக் கல் ஏன் உண்டாகிறது என்று அவர் மருத்துவப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அறுவை பழக வந்த இளம் டாக்டர்களைக் கட்டிலைச் சுற்றி நிறுத்தி, “நீங்களே சொல்லுங்க தம்மபாலன்” என்பார்.

இவரும் சொல்வார். வலி முதுகில் கிளம்பி, விலாவைச் சுற்றி, அடிவயிற்றுக்கு இறங்கிய கதை. எந்த இடத்தில் நிறுத்தினால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள் என்பதுகூட அத்துப்படி ஆகிவிட்டது. ஒரு பெண் டாக்டர் தழும்பைத் தொட்டு, “மொதல்ல எங்க வலிச்சுது?” என்று கேட்டாள். மனைவி யசோதா செத்த பிறகு அவரை அப்படி யாரும் கேட்டதில்லை. பிள்ளைகுட்டியும் கிடையாது. குணமாகி, சுரங்கத்துக்கு வெளியே மேல்வேலைக்கு மாறிய பிறகும் பாடத்துக்காக அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போவார்.

பிறகு கூப்பிடுவது நின்றது. தாமாகவே போய் நின்றார்.

“கல்லைப் பத்தி எழுத வேண்டியதெல்லாம் எழுதியாச்சு, தம்மபாலன்” என்றார் கிளாரன்ஸ். “இப்ப எல்லாரும் தூசி படிஞ்ச நுரையீரலைப் பத்தித்தான் எழுதறாங்க. நீங்க தண்ணி நெறைய குடிங்க, கல் திரும்ப வராது.”

வராதாமே! அன்று முதல் தண்ணீரைக் குறைத்தார் மனிதர். கோடையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டினாலும் ஒரு வாய் நனைத்துக்கொள்வதோடு சரி.

“இன்னாண்ணா, பானைத் தண்ணி அப்டியே கீது?” என்றாள் பக்கத்து வீட்டு சரோஜம்மா.

“தாகமில்லம்மா.”

பைத்தியக்கார மனுஷன்!

கல் வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு, சந்தோஷமாக ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்று பார்த்தவர் கிளாரன்ஸ் இல்லை, ஒரு புது டாக்டர். எக்ஸ்ரேயைப் பார்த்து, “சின்னக் கல்லு, தானா வெளிய வந்துடும், போங்க” என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். சொன்னபடியே, உயிர் போகிற வலியோடு ஒரு காலையில் வெளியே வந்தது. மிளகளவுதான் இருந்தது. வலி போய்விட்டதே என்று உட்கார்ந்து அழுதார்.

அதைக் கழுவித் தீப்பெட்டியில் போட்டு, கிளாரன்ஸிடம் காட்டப் போனார். வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றி அதே வெள்ளைக் கோட்டுக் கூட்டம். நடுவில் ஒருத்தன் மூச்சு வாங்க வாங்கத் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாரும் குனிந்து கேட்டார்கள். தம்மபாலனுக்கு வயிறு எரிந்தது. சாகக் கிடக்கிறவனைப் பார்த்துப் பொறாமை!

கூட்டம் நகர்ந்த பிறகுதான் முகம் தெரிந்தது. நந்திதுர்க் சுரங்கத்தில் அவரோடு ஒரே கேஜ் கூண்டில் ஏறி இறங்கிய இன்பராஜ்.

“பாலா, நீயாடா? என்னப் பாக்கவா வந்த? இவங்க போய்ட்டா யாருமே வர்றதில்லடா.”

தீப்பெட்டி உள்ளங்கையில் நசுங்கியது.

“ஒன்னப் பாக்கத்தாண்டா வந்தேன்” என்றார்.

பொய். இன்பராஜ் அங்கே கிடப்பதே அவருக்கு அதுவரை தெரியாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சொல்லுடா. மொதல்ல எங்க வலிச்சுது?”