முதுகு மட்டும் தெரிஞ்ச ராஜா

எங்க மாமா ஒரு இங்கிலீசு படத்துல ராஜாவா வந்திருக்காரு. இத சொன்னா விழுப்புரத்துல எவனும் நம்ப மாட்டேங்கறான். லாரி ஷெட்டுல கூட வேல செய்யறவனுங்க, "ஆமாண்டா, எங்க பெரிப்பாதான் அதுல ராணி"ன்றானுங்க. நானும் சிரிச்சிகினே அடுத்த கதைக்குத் தாவிடுவேன். ஆனா இது நெசம். சரி, பாதி நெசம்னு வெச்சுக்கோங்க. மீதிப் பாதி என்னாலதான் கெட்டுப்போச்சு.

அப்ப எனக்கு ஒம்போது வயசு. திண்டிவனத்துல இருந்தோம். மாமான்னா எங்கம்மாவோட கடைசித் தம்பி. கல்யாணம் ஆகல, எங்க வூட்டுலதான் சோறு. பஸ் ஸ்டாண்டுல ஜட்கா ஓட்டுவாரு. நான் பள்ளிக்கூடம் போறேன்னு பைய மாட்டிகினு கெளம்பி, அவரு பக்கத்துல போயி குந்திக்குவேன். அதனாலதான் இன்னிக்கும் எனக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாது, குதிரைக்கு எப்பப்ப கொள்ளு வெக்கணும்னு தெரியும்.

மாமா நல்ல ஒசரம். தலப்பா கட்டி நின்னார்னா போலீசுக்காரனே ஒரு நிமிசம் யோசிப்பான். ஆனா எதுர ஒரு பொம்பள வந்தா தல தானா தொங்கிப்பூடும். "குதிரைக்கு இருக்கற தெகிரியம் கூட ஒனக்கு இல்லியேடா"ன்னு எங்கம்மா திட்டும்.

செவ்வாக்கெழமன்னா கூட்டேரிப்பட்டுலேர்ந்து ஒரு பொண்ணு அவங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கு ஊசி போடக் கூட்டிகினு வரும். பஸ்ஸ விட்டு எறங்குனா நேரா மாமா வண்டிக்குத்தான் வரும். வேற வண்டிக்காரன் கூப்புட்டா காதுலயே போட்டுக்காது. ரெண்டு பேரும் பின்னால சாக்கு மேல குந்திக்குவாங்க. மாமா முன்னால. ஒரு வருசமா அந்தப் பொண்ண இட்டுகினு போயி இட்டுகினு வந்தாரு, ஒரு தடவ கூட திரும்பிப் பாத்ததில்ல. நான் சும்மா இருப்பனா. "திரும்பு மாமா, பாக்குது"ன்னு காதுல ஓதுவேன். காது சூடாயிரும், கழுத்து மட்டும் திரும்பாது. நான் திரும்பிப் பாத்து அப்பப்ப தகவல் சொல்லுவேன். இன்னிக்கு நீலப் பொடவ, இன்னிக்கு கனகாம்பரம், இன்னிக்கு சிரிச்சிச்சுன்னு.

அந்த நேரத்துலதான் செஞ்சிக் கோட்டையில படம் புடிக்க வெள்ளக்காரங்க வந்தாங்க. கதை நம்மூரு ராஜா கதையாம். ராஜா வேசம் கட்டுனது ஒரு துரை. அந்தாளுக்கு குதிரைன்னா பயம். குதிர ஏறத் தெரிஞ்ச ஒசரமான ஆளா வேணும்னு மெட்ராசு ஏஜெண்டு ஒர்த்தன் திண்டிவனம் வரைக்கும் தேடிகினு வந்து, மாமாவ இட்டுகினு பூட்டான்.

எட்டு நாள் கழிச்சி திரும்பி வந்தாரு. அடுப்பு முன்னால குந்திகினு அம்மாகிட்ட கதை கதையா சொன்னாரு.

"காலைல ஒரு மணி நேரம் அந்த துரைக்கு நம்ம கலரு பூசறாங்கக்கா. எனக்குத்தான் பொறக்கசொல்லவே பூசியிருக்கு, என்னையே நிக்க வெச்சுடுங்களேன்னு ஏஜெண்டுகிட்ட கேட்டேன். அத அவன் இங்கிலீசுல சொல்லவே இல்ல. சிரிச்சிட்டுப் பூட்டான்."

"சோறு ஒழுங்கா போட்டானுங்களா?"ன்னு கேட்டுச்சு அம்மா. அதுக்கு அதுதான் முக்கியம்.

விசயம் என்னான்னா, ராஜா பேசறது, அழுவறது, ராணி கையப் புடிக்கறது எல்லாம் துரை. குதிர மேல பறக்கறது மட்டும் மாமா. மூஞ்சி தெரியக்கூடாது, முதுகுதான் தெரியணும்னு ஏஜெண்டு நூறு தடவ சொல்லியிருக்கான். ஆனா கடைசி நாளு, குதிரைய மேட்டு மேல ஏத்தி நிறுத்தினப்ப, மாமா ஒரே ஒரு தடவ திரும்பிட்டாரு. நேரா படம் புடிக்கற மிசினப் பாத்து.

"ஏன் மாமா திரும்புன?"

"தெரியல மாப்ள. பின்னால எல்லாரும் பாக்கற மாதிரி இருந்துச்சு."

ஏஜெண்டு கண்டபடி திட்டினானாம். ஆனா மாமாவுக்கு அதப் பத்திக் கவல இல்ல. மிசினு புடிச்சது புடிச்சதுதான், அத எவன் அழிக்க முடியும்னு கேட்டாரு. எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டுது.

அப்புறம் என்னத் தனியா கூப்புட்டு சொன்னாரு. "டேய், அந்தப் பொண்ணு பக்கம் நேர்ல திரும்ப எனக்கு வராதுடா. படத்துல பத்தடி ஒசரத்துக்குத் திரும்பியிருக்கேன். அதுல பாத்துக்கட்டும். பாத்துட்டு அது என்னா சொல்லுதோ, அத வெச்சிதான் அக்காவ பொண்ணு கேக்க அனுப்பணும்."

படம் வர்றதுக்கு ஒரு வருசத்துக்கு மேல ஆயிப்போச்சு. அது வரைக்கும் நான் ராஜாவோட மருமவன். கில்லி ஆடறப்ப மொத அடி எனக்குத்தான். எவனாச்சும் எதுத்துப் பேசினா, "எங்க மாமா படம் வரட்டும், அப்ப பேசு"ம்பேன்.

கடைசியா எங்கூரு டெண்ட் கொட்டாயிக்கு வந்துச்சு, மூணே நாளைக்கு. விளம்பரத்துக்கு கொட்டாய்க்காரன் புடிச்ச வண்டி மாமாவோடதுதான். ரெண்டு பக்கமும் தட்டி கட்டி போஸ்டர் ஒட்டி, உள்ள ஒர்த்தன் மேளம் தட்ட, நான் நோட்டீசு வீசிகினே போனேன். போஸ்டர்ல துரை மூஞ்சி, பழுப்புக் கலரு, பூனக்கண்ணு. அத ரெண்டு பக்கமும் கட்டிகினு நடுவுல மாமா நெஞ்ச நிமித்திகினு ஓட்டினாரு. திண்டிவனத்த சுத்தினாப் போதும்னாங்க. மாமா நேரா கூட்டேரிப்பட்டுக்கே உட்டாரு. மேளக்காரன் "எங்கய்யா போற, கை வலிக்குது"ன்னு பேஜாரு பண்ணான். அங்க ரோட்டோரம் அந்தப் பொண்ணோட அப்பா இட்லிக்கடை வெச்சிருந்தாரு. கடை முன்னால குதிர தானா நின்ன மாதிரி நின்னுச்சு. நான் போயி அந்தப் பொண்ணு கையில நாலு நோட்டீசு குடுத்தேன். "எங்க மாமா நடிச்சது, மூஞ்சி வரும், கண்டிப்பா வா"ன்னேன். மாமா குதிரையோட காதப் பாத்துகினு இருந்தாரு.

மொத நாளு மொத ஆட்டத்துக்கே அதுவும் அவங்கம்மாவும் வந்துட்டாங்க. கொட்டாயில நடுவுல ஒரு சொவுரு இடுப்பு ஒசரத்துக்கு, இந்தப் பக்கம் ஆம்பளைங்க, அந்தப் பக்கம் பொம்பளைங்க. என்ன மாதிரி பொடிசுங்க எந்தப் பக்கமும் போலாம். "நீ அது பக்கத்துல போயி குந்து. அது சொல்றத கேட்டுகினு வா. ஒரு வார்த்த உடாத"ன்னு அனுப்பினாரு மாமா.

படம் பூரா இங்கிலீசு. ஒண்ணும் புரியல. நம்மாளுங்க நெறைய பேரு வந்தாங்க, ஆனா எவனும் அர நிமிசம் நிக்கல. ஒர்த்தன் கொட புடிச்சான், ஒர்த்தன் விசிறினான், ஒர்த்தன் ஓடி வந்து குண்டடி பட்டு வுழுந்தான். "சாவறதுக்குனே இட்டாந்திருக்கானுங்க"ன்னு ஒரு ஆயா சொல்லிச்சு.

அப்புறம் மேடு வந்துச்சு. குதிர, முதுகு, தலப்பா. மாமாதான். ஆம்பளைங்க பக்கம் ஒரே விசிலு. குதிர மேட்டு மேல ஏறி நின்னுச்சு. மாமா தோள் லேசா அசைஞ்சுது. திரும்புது. திரும்பிடுச்சு.

துரை மூஞ்சி.

ஆம்பளைங்க பக்கத்துலேர்ந்து எவனோ, "யோவ் ஜட்கா, ஒனக்கு எப்பய்யா பூனக்கண்ணு வந்துது?"ன்னான். கொட்டாயே சிரிச்சிச்சு. சிரிப்பு வந்தா எனக்கு அடக்கத் தெரியாது, நானும் சிரிச்சேன்.

அந்தப் பொண்ணு சிரிக்கல. "மூஞ்சியக் காணோம்"ன்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சி, என்னப் பாக்காமலே, "முதுகு அவுருதுதான்"ன்னுச்சு.

ஆட்டம் முடிஞ்சு வெளிய வந்தா மாமா குதிரைகிட்ட நின்னுகினு இருந்தாரு. "என்னாடா சொல்லிச்சு?"

எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கல. "மூஞ்சியக் காணோம்னு சொல்லிச்சு மாமா"ன்னேன். கிண்டல் பண்றதுக்கு அது போதும்னு தோணிச்சு. மீதிய சொல்லல. அது ஒரு பெரிய விசயமாவே எனக்குப் படல. முதுகு அவருதுன்னு ஊருக்கே தெரியுமே.

மாமா குதிரையோட கழுத்தத் தடவிகினே இருந்தாரு.

மறுநாளு விடிஞ்சதும் என்ன எழுப்பினாரு. கொட்டாயில படம் ஓட்ற ஆப்பரேட்டருதான் தன் மூஞ்சிய வெட்டியிருப்பாருன்னு அவருக்கு சந்தேகம். ஃபிலிம் அறுந்தா ஒட்றதுக்காக ஆப்பரேட்டரு துண்டு துண்டா வெட்டிப் போடுவாரு. அந்தத் துண்டுங்க கொட்டாயி பின்னால குப்பையில கெடக்கும். நாங்க பசங்க அதப் பொறுக்கியாந்து, பீஸ் போன பல்புல தண்ணி ரொப்பி, கண்ணாடியில வெயில அடிச்சி சொவுத்துல படம் காட்டுவோம். எனக்கு அந்தக் குப்பை அத்துப்படி.

ரெண்டு பேரும் மூணு நாளு தேடினோம். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்து சூரியனுக்கு நேரா புடிச்சிப் புடிச்சிப் பாத்தோம். கண்ணுல தண்ணியா கொட்டுது. வேற படத்து நாகஸ்வரம் கெடச்சுது, நாய்க்குட்டி கெடச்சுது, ஏதோ ராணியோட பாதித் தல கெடச்சுது. ஆப்பரேட்டரு மேலேர்ந்து எட்டிப் பாத்து, "யோவ், பொட்டியில வந்தத அப்படியே ஓட்றேன்யா. ஒன் மூஞ்சிய வெட்டி நான் என்னா கொழம்பா வெக்கப் போறேன்?"ன்னாரு.

மூணாம் நாளு ஒரு துண்டு ஆப்புட்டுது. மேடு, குதிர, முதுகு. மாமா ரொம்ப நேரம் வெயில்ல புடிச்சிப் பாத்தாரு. "இது வேணாம், நீயே வெச்சிக்க"ன்னு என் கையில குடுத்துட்டு வண்டியண்ட பூட்டாரு.

அடுத்த செவ்வாக்கெழம மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வரல. ரெயில்வே ஸ்டேசன் பக்கம் வண்டிய மாத்திட்டாரு. அந்தப் பொண்ணு எறங்கி அங்கயும் இங்கயும் பாத்துட்டு என்னக் கூப்புட்டுச்சு. "ஒங்க மாமா எங்க?"ன்னு கேட்டுச்சு. "மூஞ்சி தேடப் போயிருக்காரு"ன்னு சொல்லிட்டு, என் ஜோக்க நானே மெச்சிகினு ஓடிட்டேன். வேற வண்டிக்காரங்க கூப்புட்டுப் பாத்தாங்க, அது ஏறல. அவங்கம்மா கையப் புடிச்சிகினு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போச்சு. அப்படியே நாலஞ்சு வாரம். அப்புறம் அதுக்கு கெடார் பக்கம் எங்கயோ கல்யாணம் ஆயிப்போச்சுன்னு கேள்விப்பட்டோம். மாமா குதிரைய வித்துட்டு மெட்ராசு போயி லாரி ஓட்டினாரு. இன்னும் தனியாத்தான் இருக்காரு.

ரெண்டு வருசத்துக்கு மேல வாராவாரம் ஆஸ்பத்திரி வரைக்கும் அது எதப் பாத்துகினு போயிருக்கும்? அவரோட முதுகத்தான. அதுக்கு அவரு மூஞ்சியே அதுதான. இது எனக்கு விளங்க மீச மொளைக்க வேண்டியிருந்துச்சு. விளங்கின பெறவும் மாமாகிட்ட அந்தப் பாதிய சொல்ல வாய் வரல. எப்பவும் பொளந்துகினு கெடக்கற வாய்தான், அதுக்கு மட்டும் வரல.

இப்ப விழுப்புரத்துல இங்கிலீசு படம் எது வந்தாலும் போயிடறேன். நம்மாளுங்க இன்னும் கொடதான் புடிக்கறாங்க. பாம்பாட்டறாங்க, வுழுந்து சாவறாங்க. சீனாக்காரன் வரணும்னாலும் கண்ண இழுத்து ஒட்டிகினு ஒரு வெள்ளக்காரனே வந்துடறான். போன வாரம் ஒரு படத்துல தலப்பா கட்டின ஒர்த்தன் முதுகக் காட்டிகினு ஓரமா நின்னான். என்னயும் அறியாம வாய்விட்டு சொல்லிட்டேன், "திரும்பு மாமா"ன்னு.

பக்கத்து சீட்டுக்காரன் திரும்பிப் பாத்தான். "ஒனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"முதுகு தெரியும்"ன்னேன்.