நான்கு விரல் கை

எவெர்த் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன். பின்லாந்து வளைகுடாவிலுள்ள எங்கள் சூர்சாரித் தீவில் எல்லோரையும் போலக் கடலுக்குப் போய்ப் பிழைத்தவன். அவனுக்குப் பதினெட்டு வயதானபோது புயலில் படகு கவிழ்ந்தது. ஒரு துடுப்பைப் பிடித்துக்கொண்டு அவன் மட்டும் பாறையில் ஏறினான். கூடப் போன அப்பா மத்தியாஸ் திரும்பவில்லை.

"கவிழ்ந்ததுமே அப்பா உள்ள போயிட்டாரு" என்று அம்மா லோவீசாவிடம் சொன்னான். ஊரும் அதையே நம்பியது.

மறுகோடையில் ஹெல்சிங்கியிலிருந்து ஸ்தென்விக் என்ற ஓவியர் வந்து அவர்கள் மாடியறையில் தங்கினார். கடலோரப் பாறையில் எவெர்த்தைத் துடுப்போடு உட்காரவைத்து ஆறு வாரம் வரைந்தார். அசையக்கூடாது, பேசலாம். பேசிப் பேசி ஒருநாள் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பின்னாளில் அவனே என்னிடம் சொன்னது இது.

அப்பா உடனே மூழ்கவில்லை. நீந்தி வந்து கை நீட்டினார். இரண்டு பேரைத் தாங்காது என்ற பயத்தில் இவன் துடுப்பை இழுத்துக்கொண்டான். முன்னெப்போதோ நங்கூரக் கயிறு சுண்டுவிரலைப் பறித்திருந்த அந்தக் கைதான் அவன் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்" என்று ஓவியர் தோளைத் தட்டினாராம்.

முதல் பனி விழுந்த வாரம் தபால் படகில் லோவீசாவுக்கு ஒரு சுருள் வந்தது. நானும் அவள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பிரித்தால் ஓவியத்தின் அச்சுப் பிரதி. ஓவியர் அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். கீழே 'இளமையும் கடலும்' என்று பெயர். பாறையில் எவெர்த். அலைக்கு மேலே ஒரு கை. நான்கே விரல்.

எவெர்த் வலையை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"இந்தக் கை யாரோடதுடா?"

படத்தைப் பார்த்தவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா..."

"யாரோடதுன்னு கேட்டேன்."

"அப்பாவோடது. நீந்தி வந்தாரு, நான்தான் துடுப்ப இழுத்துக்கிட்டேன்."

அடுத்த கப்பலிலேயே ஹெல்சிங்கி போனான். ஓவியர் அவனை வீட்டுக்குள் கூப்பிடவில்லை.

"உன் பேரையா போட்டேன்? அந்தக் கையப் பாத்து சனங்க அழுறாங்கப்பா."

"எங்கம்மாவும் அழுதாங்க. கையை மட்டும் அழிச்சிடுங்க."

"படம் வித்துப்போச்சு. இனி அது என்னோடது இல்ல."

திரும்பி வந்தவனுக்கு லோவீசா மீனும் கறுப்பு ரொட்டியும் எடுத்துவைத்தாள். அவன் தின்று முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"துடுப்பக் குடுத்திருந்தா ரெண்டு பேருமே போயிருப்பீங்க. அது எனக்குப் புரியாதா? மீன்காரன் பொண்டாட்டிடா நான். ஒரு வருசமா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டியே, எங்கிட்ட சொல்லலையே. கோடைக்கு வந்துட்டுப் போறவன்கிட்டயா சொல்லுவ?"



பனி உருகியதும் கொத்கா ஊருக்கு, மர அறுவை ஆலை வேலைக்குப் போய்விட்டான். கடிதம் போடுவான். லோவீசா சொல்லச் சொல்ல நான்தான் பதில் எழுதினேன். வலை, காற்று, எங்கள் வீட்டுப் பசு என்று சொல்லிக்கொண்டே போவாள்.

"வரச் சொல்லி எழுதவா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வரட்டுமான்னு அவனே கேக்கட்டும்."

அவன் கேட்கவேயில்லை.