பூரணி போட்ட பத்துக் கேபிள்

கேபிள் வேலை தெரிந்தவர்கள்தான் இதை முதலில் நம்ப மறுக்கிறார்கள். கேபிள் நுனியில் ஒருமுறை அடித்து இறுக்கிய பிளக்கைத் திறக்க முடியாது, வெட்டி எறியத்தான் வேண்டும், பிறகு எப்படி என்று கேட்கிறார்கள். பூரணிக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் அப்படிப் பயந்தாள். ஆனாலும் நடந்தது. 2002இல், ஹட்டன் பஸாரில், பைஸரின் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் வகுப்பில்.

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்த பூரணி அங்கே தற்காலிகமாகத்தான் சேர்ந்திருந்தாள். அவளுக்கு முன் படிப்பித்த தயானி, போர் ஓய்ந்து பாதை திறந்ததும் யாழ்ப்பாணத்துக்கு வீட்டாரைப் பார்க்கப் போனவள், இரண்டு மாதமாகத் திரும்பவில்லை. ஆள் போனாலும் பிள்ளைகள் வாயிலிருந்து பேர் போகவில்லை. தயானி மிஸ் இப்படிச் சொல்லமாட்டாங்க. தயானி மிஸ் தொட்டாலே மெஷின் ஓடும். பூரணி அவளைப் பார்த்ததே இல்லை. ஆனால் தினமும் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் மனதுக்குள் அவளோடுதான் சண்டை.

அறையில் தயானி இழுத்த கோஎக்சியல் வயர் இருந்தது. டிவி அன்டெனா வயரைப் போலக் கறுப்பாக, பத்துக் கம்ப்யூட்டரையும் ஒரே கோர்வையாகக் கட்டியிருந்தது. ஒரு மூட்டுத் தளர்ந்தால் பத்தும் நின்றுவிடும். கண்டியில் பயிற்சி எடுத்துவந்த பூரணி புது முறையைச் சொன்னாள். ஒவ்வொரு மெஷினுக்கும் தனிக் கேபிள். எல்லாம் வந்து சேர ஒரு ஹப். ஒன்று அறுந்தாலும் மற்றவை ஓடும். வேகமும் பத்து மடங்கு.

வகுப்பையும் நடத்திவந்த பைஸர் நானா தாடியைத் தடவினார். "சனிக்கிழம புது வகுப்பு தொடங்குது தங்கச்சி. அதுக்குள்ள ஓடிச்சிண்டா நீதான் இங்க நிரந்தர மிஸ். ஓடாட்டி தயானிக்கு போன் போட்டு வரச் சொல்லுவேன்."

"அவங்க வரத் தேவப்படாதுங்க நானா."

திங்கட்கிழமை காலை முதல் கறுப்பு வயரை முழம் முழமாகப் பிடுங்கினாள். யாரோ ஒருத்தியின் தலைமயிரைப் பிடித்து இழுப்பதுபோல் அதில் ஒரு சுகம் இருந்தது. மாலைக்குள் பத்துக் கேபிளும் போட்டு முடித்தாள். ஒரு கேபிளுக்குள் எட்டு மெல்லிய வயர். இரண்டு நுனியிலும் ஒரே வரிசை, ஆரஞ்சு முதல். ஹப்பில் கேபிளுக்கு ஒன்றாகப் பத்து விளக்கும் எரிந்தன.

பைஸர் குனிந்து பார்த்தார். "ஓடுது. ஆனா பாரு, பிளக்குக்கு வெளிய வயர் பல்லக் காட்டுது. தயானி எண்டா உறையோட உள்ளுக்கு விட்டுத்தான் அடிப்பா."

"ஓடுதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

பூட்டினாள். சாவியும் பிளக் அடிக்கும் கிரிம்பரும் அவள் பையிலேயே வீட்டுக்குப் போயின.

செவ்வாய் காலை ஹப் இருண்டு கிடந்தது.

ஒரு கேபிளைக் கழற்றினாள். மெஷின் பக்கம் ஆரஞ்சு முதல். ஹப் பக்கம்... பச்சை முதல். இரண்டு நுனியும் வேறு வரிசையில் இருந்தால் மெஷின் ஹப்போடு பேசாது. பத்தும் அப்படித்தான். அவசரத்தில் நானே பிழை விட்டேனோ என்று நினைத்தாள். பிறகுதான் கண்ணில் பட்டது. பச்சைப் பக்கத்தில் கேபிள் உறை பிளக்குக்குள் அழகாக நுழைந்திருந்தது. ஒரு வயரும் பல்லைக் காட்டவில்லை.

தரையில் வெட்டிய துண்டு எதுவும் இல்லை. பெட்டியில் பிளக் குறையவில்லை. கேபிளும் ஓர் அங்குலம்கூடக் குட்டையாகவில்லை.

வெட்டி, மறுபடி அடித்தாள். புதன் காலையும் அதே கதை.

"யாரோ வேணும்னே செய்றாங்க நானா."

"சாவி ஒன்கிட்ட. கிரிம்பர் ஒன்கிட்ட. வேற யாரு? தயானி இருந்தாண்டா..."

"அந்தப் பேரச் சொல்லாதீங்க!"

வியாழன், பத்தையும் சரிசெய்துவிட்டு அவள் வீட்டுக்குப் போகவில்லை. அறையிலேயே காவல் இருந்தாள். ஜன்னல்வரை மூடுபனி ஏறியிருந்தது. கீழே கடைக் கதவு இறங்கியது. ஹப்பில் பத்து விளக்கு.

மாலை மணி 5.52.

கரக்... க்ளிக்.

கிரிம்பரின் சத்தம். ஆனால் கிரிம்பர் அவள் மடியில் இருந்தது.

ஒரு விளக்கு அணைந்தது.

கரக்... க்ளிக். இன்னொன்று.

குனிந்தாள். மேசைக்கு அடியில் யாரும் இல்லை. கேபிள் மட்டும் அசைந்தது. விரல்கள் நீவி நேராக்குவதுபோல... மெதுவாக... பொறுமையாக...

"தயானியா?"

சத்தம் நின்றது.

கடைசி விளக்கும் போயிற்று.

பிறகு... காதோரத்தில்...

கரக்.

கிரிம்பரை எறிந்துவிட்டு ஓடினாள்.

வெள்ளி காலை பைஸருக்குப் பொறுமை போய்விட்டது. அவளையும் கூட்டிக்கொண்டு மேலே வந்து, வகுப்பு மேசையில் இருந்த போனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எடுத்தார். மேசைக்குப் பின்னால் தயானி மிஸ் உட்கார்ந்திருந்த கதிரையில் பூரணி உட்கார்ந்தாள். லைன் கிடைத்தது. "தயானி இருக்காங்களா?" என்றவர், கொஞ்ச நேரம் கேட்டார். முகம் வெளிறியது. போனை அவள் கையில் வைத்தார்.

மறுமுனையில் தயானியின் அக்கா.

"...திங்கக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னம் செத்துப்போயிட்டா. மூளைக் காய்ச்சல். பத்து நாள் நினைவில்லாமல் கிடந்தவ. அண்டைக்கு மத்தியானம் மட்டும் கண்ணைத் திறந்தவ. ஒண்டே ஒண்டுதான் கேட்டவ."

லைன் இரைந்தது.

"'பூரணி எண்டது ஆர்? என்ரை கதிரையில ஏன் இருக்கிறா?' எண்டு. எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. பூரணி எண்டு அங்க ஆரும் இருக்கினமோ, பிள்ளை?"

பூரணி பைஸரைப் பார்த்தாள். அவர் கைகளை விரித்தார். தயானி போனபிறகு அவர் யாழ்ப்பாணத்துக்கு எடுத்த முதல் போன் இதுதான். வேறு யாரும் சொல்லியிருக்க வழியில்லை.

பூரணி மெல்லக் கதிரையை விட்டு எழுந்தாள்.

"இல்லங்க," என்றாள். "அந்தப் பேர்ல இங்க யாருமே இல்லங்க."

ஹப்பில் பத்து விளக்கும் ஒன்றாக எரிந்தன.

பைஸர் ஒரு கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி, நுனிகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

ஒரு நுனி ஆரஞ்சு. மறு நுனி பச்சை.

கேபிள் அவர் கையில் இருந்தது. ஹப்பில் அதன் விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.