நோய் உண்டா என்ற கேள்வி

பாறசாலையில் ஒரு டிராவல்ஸில் விண்ணப்பம் நிரப்புவதுதான் எனக்கு வேலை. தொண்ணூறுகளில் வெளிநாடு போகிறவர்களால் அந்தச் சின்ன அறை நிரம்பி வழியும். பயணக் காப்பீட்டுப் படிவத்தில் ‘ஏற்கெனவே நோய் உண்டா?’ என்று ஒரு கேள்வி வரும். நான் யாரிடமும் கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதிவிடுவேன். புறப்படும் நேரத்தில் நோய்ப் பேச்சு எடுப்பது எங்கள் பக்கத்தில் அபசகுனம். கேட்டால் முகம் கறுக்கும். கேட்காததால் வேலையும் சீக்கிரம் முடிந்தது, நல்ல பிள்ளை என்ற பெயர் வேறு.

ஒருநாள் பக்கத்து ஊரான காரோட்டிலிருந்து ஒரு அக்கா வந்தார். மீன் விற்பவர். அமெரிக்காவில் நர்சாக இருக்கும் மகளுக்குப் பேறுகாலம், துணைக்குப் போகிறார். இங்கிலீஷ் தெரியாது. ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்து என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு எரிச்சல்தான். நோய் வரியைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

“எலே மக்கா, எனக்கு பிரஷர் உண்டு. தினமும் குளிகை தின்னுதேன். இல்லைண்ணு எதுக்கு எழுதினே?”

“போற நேரத்தில தீனத்தப் பற்றி எழுதாண்டாம்ணு...”

“வள்ளத்தில ஓட்டை இருந்தா கரையில வச்சே சொல்லணும். நடுக்கடல்ல போய்ச் சொன்னா ஆரு கேப்பா?”

வேறு படிவம் எடுத்தேன். டாக்டர் சான்றிதழுக்காக நெய்யாற்றின்கரைக்கு இரண்டு தடவை பஸ் ஏறினார். பிரஷரால் வரும் செலவைக் கம்பெனி ஏற்காது என்றேன். “அத அவிய முதல்லயே சொல்லியாச்சில்லா, பின்னே என்ன?” என்றார். கம்பெனி ஏஜெண்டுக்கே இல்லாத தெளிவு அது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

போன இடத்தில் அக்காவுக்குக் குடல்வால் வீங்கி ஆபரேஷன். அந்த ஊர் ஆஸ்பத்திரிச் செலவு தலையில் விழுந்தால் மகள் பல வருஷம் எழுந்திருக்க முடியாது. கம்பெனிக்காரர்கள் இங்குள்ள டாக்டர் வரை வந்து விசாரித்தார்கள். பிரஷரை மறைத்திருந்தால் அதையே சாக்காக வைத்துக் கையை விரித்திருப்பார்கள். படிவத்தில் எல்லாம் இருந்தது. முழுச் செலவையும் கொடுத்தார்கள்.

ஊர் திரும்பியதும் அக்கா நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

“நல்ல வேளை அக்கா, நீங்க வாசிக்கச் சொன்னீங்க. நான் எழுதினபடி விட்டிருந்தா உங்க மவளுக்கு என்ன கதி?”

அவர் சிரிக்கவில்லை.

“எனக்கு வாசிச்சே, சரி. மற்றவியளுக்கு ஆரு மக்கா வாசிச்சுக் காட்டினா?”

என் பின்னால் அலமாரியில் அந்த வருஷம் போனவர்களின் படிவ நகல்கள் அடுக்கியிருந்தன. அவர்களில் பலர் அப்போது இன்னும் ஊர் திரும்பியிருக்கவில்லை.